மூன்று காவலும் ஒரு கரி மூட்டையும்

திருவொற்றியூர்,
7-2-1954

அன்புள்ள கிருபை அக்காளுக்கு, தம்பி ஆசீர்வாதம் எழுதிக்கொண்டது.

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்: நம் இல்லத்துத் தண்ணீர்ப் பானையின் மூடி, வயது பதினொன்று, நேற்று மாலை ஐந்து மணிக்கு, தீப்பெட்டி ஆலைச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும்போதே, என் முழங்கை பட்டுத் தரையில் விழுந்து, மூன்று துண்டாகி, யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் காலமாயிற்று. நல்லடக்கம் இன்று காலை முருங்கை மரத்தடியில் நடந்தேறியது. துக்கத்தில் கலந்துகொண்டோர்: நானும், பின்வீட்டுப் பவுனம்மாளின் கோழியும். அப்பா கடைக்குப் போய்விட்டபடியால் வர இயலவில்லை. காலியான பதவிக்கு உன் பழைய சிலேட்டு தற்காலிகமாக நியமிக்கப்பட்டிருக்கிறது. அதில் நீ எழுதிய பதினாறாம் வாய்ப்பாடு இன்னும் அழியவில்லை. தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் எனக்குக் கணக்கு ஏறுகிறது. ஐந்தாம் பாரத்துப் பரீட்சையில் இதன் விளைவு தெரியும்.

அப்பா சுகம். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசுகிறார். எண்ணிவிட்டேன். ‘எந்திரி’, ‘சாப்பிட்டியா’, ‘படி’, ‘தூங்கு’. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுவதால் அன்று மட்டும் கூடுதல்.

நானும் சுகம். வீடு விசாலமாக இருக்கிறது. ஓர் அறையில் இருமினால் அடுத்த அறையில் கேட்கிறது. பதிலுக்கு யாராவது இருமுவார்களா என்று பார்த்தேன், இல்லை. உன் கடிதம் வந்து இருபத்தேழு நாள் ஆகிறதாம். நான் எண்ணவில்லை. காலண்டர்தான் சொல்லிற்று.

உன் சுகத்துக்கும், அத்தான் சுகத்துக்கும், உன் மாமியாரின் முழங்கால் சுகத்துக்கும் உடனே எழுதவும்.

இப்படிக்கு,
மூடியை இழந்து வாடும்
ஆசீர்வாதம்

*

தூத்துக்குடி,
19-2-1954

அன்புள்ள தம்பிக்கு, அக்காள் தேவகிருபை எழுதுவது. கர்த்தருடைய தயவால் நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் அப்பாவும் சுகமாயிருக்க ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன்.

மூடியை உடைத்துவிட்டு மரண அறிவிப்பா? உடனே ஒரு பலகை மூடி வாங்கு. சிலேட்டு பானையில் சரியாக உட்காராது.

இனி என் செய்தி. நான் இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நீ மாமாவாகப் போகிறாய். ஜூலை நடுவில் என்று லேடி டாக்டர் சொல்கிறார். அப்பாவுக்குத் தனியாக எழுத வெட்கமாயிருக்கிறது. நீயே பக்குவமாகச் சொல். உன் பாணியில் அறிவிப்பு வாசித்துவிடாதே.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது முறை. ஆனால் அத்தை, “தாயில்லாத வீட்டுக்கு எதை நம்பி அனுப்ப?” என்கிறார்கள். உன் அத்தானோ பேப்பரில் வடசென்னைப் பக்கம் வாந்திபேதி என்று படித்துவிட்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அங்கே குடிதண்ணீர் நல்லதென்று திருப்தியானால் மே மாதம் அவரே கொண்டுவந்து விடுவார். இல்லாவிட்டால் இங்கேதான். இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு அங்கே வர வேண்டும், ஆசீர். அம்மாவின் கட்டில் கிடக்கும் அந்த அறையில். ஏன் என்று அத்தானிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்ல வரவில்லை.

ஆகையால் விளையாடாமல் பதில் எழுது. கிணற்றுக்கு மருந்து போடுகிறார்களா? தண்ணீரைக் காய்ச்சுகிறீர்களா? எவ்வளவு நேரம்? யார் காய்ச்சுவது?

அப்பாவுக்கு என் ஸ்தோத்திரம்.

அன்புள்ள அக்காள்,
தேவகிருபை

*

திருவொற்றியூர்,
26-2-1954

வருங்காலத் தாயாராகிய அக்காள் அவர்களுக்கு, வருங்காலத் தாய்மாமன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே மாமன், தாத்தா இருவரும் சுகம்.

அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் பருப்பு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு, “நிசமாவா?” என்றார். ஐந்தாவது வார்த்தை! அன்று மாலை கடையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைநிறையப் பொரிகடலை கொடுத்தார்.

இனி தண்ணீர். அத்தானுக்கு வாசித்துக் காட்டவும். இந்தப் பகுதி விளையாட்டில் சேராது.

நம் தெருப் பொதுக் கிணற்றுக்குப் புதனும் சனியும் மருந்து போடச் சுகாதார இலாகாவிலிருந்து உசேன் வருகிறார். வயது இருபத்திரண்டு. சைக்கிள் கேரியரில் பிளீச்சிங் பவுடர் டின். பவுடரை வாளியில் குழைத்துக் கிணற்றில் இறக்கி ஆட்டுவார். பிறகு ஒரு மரப்பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கிண்ணத்தில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, ஏதோ மருந்து நாலு சொட்டு விடுவார். தண்ணீர் நீலமானால் கிருமியைக் கொல்லும் சக்தி அதில் மிச்சம் இருக்கிறது என்று பொருள். நிறம் மாறாவிட்டால் இல்லை. இன்னும் பவுடர் போட வேண்டும். நீலமானதும் கிணற்றுச் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டு ஒரு டிக் அடிப்பார். அந்த டிக் இல்லாமல் தெருவில் யாரும் குடத்தை இறக்குவதில்லை.

வீட்டுக்குள் நான் வைத்திருக்கும் பந்தோபஸ்து தனி. மூன்று காவல்:

முதல் காவல், படிகாரம். இவர் சாதாரணச் சேவகர். கலங்கலைப் பிடித்து அடியில் உட்காரவைப்பார். இரண்டாம் காவல், பிளீச்சிங் பவுடர். ஹெட் கான்ஸ்டபிள். வாசனையிலேயே அதிகாரம் தெரியும். மூன்றாம் காவல், கொதி. இன்ஸ்பெக்டர் துரை. இவர் வந்துவிட்டால் உள்ளே எந்தக் கிருமியும் உயிரோடு இல்லை. தினமும் இருபது நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைக்கிறேன். யார் என்று கேட்டாயே, நான்தான். அடுப்பு என் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது.

ஒருவரை ஏமாற்றிய கிருமி அடுத்தவரிடம் சிக்கும். மூவரையும் ஏமாற்றும் கிருமி இருந்தால் அதற்கு நானே பரிசு கொடுப்பேன். அத்தான் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்படிக்கு,
தண்ணீர் இலாகா அதிகாரி (சம்பளமில்லாதவர்)
ஆசீர்வாதம்

*

திருவொற்றியூர்,
18-3-1954

அக்கா,

உன் பதில் வரவில்லை. பொறுக்க முடியாத நற்செய்தி இருப்பதால் முந்திக்கொண்டேன். எல்லாரும் சுகம்.

ஹெட் கான்ஸ்டபிளின் வாசனை தெருவில் பெரிய கலகத்தை உண்டாக்கிவிட்டது. பவுனம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நம் கொல்லைக் கதவில் நின்று கத்தினாள்: “இன்னா நைனா இது! தண்ணியா ஆஸ்பத்திரியா? கொயம்பு வெச்சா மீனே மூக்கைப் பொத்திக்குது!” பாதிப் பேர் சாக்பீஸ் டிக்கைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரயில்பாதை ஓரத்துக் குட்டைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மூளை சும்மா இருக்குமா? முக்காலியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பானை வைத்தேன். மேல் பானையில் மணல். நடுப்பானையில் கரி. சமையலறை மூலையில் நீ வாங்கி வைத்த கரி மூட்டை அப்படியே இருந்தது, அதிலிருந்து உடைத்துப் போட்டேன். கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழ்ப்பானையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வாசனை? மருந்துக்குக்கூட இல்லை! கரிக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்திருக்கிறேன். சத்தமில்லாமல் வேலை செய்கிறார், உடம்பும் கறுப்பு.

பவுனம்மாளின் மகன் கோதண்டம், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன், ஒரு செம்பு குடித்துவிட்டு, “இன்னா வாட்டர் ஆபீசரே, எளநீ கணக்கா கீதே!” என்றான். அவ்வளவுதான். இப்போது காலையில் பதினேழு குடம் வருகிறது. கொல்லைக் கதவை நான் மூடுவதேயில்லை. விடிந்தால் ஒரே சத்தம். ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி சிரிக்கிறாள், ஒரு குழந்தை என் சட்டையில் மூக்கைத் துடைக்கிறது. நம் வீட்டில் இவ்வளவு பேச்சுக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

உசேனுக்கு மட்டும் சந்தேகம். “தோஸ்து, நாத்தம் இல்லாத தண்ணியிலே எனக்கு நம்பிக்கை இல்லே” என்று தன் மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். சொட்டு விட்டார். தெருவே சுற்றி நின்றது. ஆயிற்றா நீலம்? ஆயிற்று! காசிமேட்டுக் கடல்கூட அந்த நீலம் இல்லை. அவரே நம் கீழ்ப்பானையின் வயிற்றில் சாக்பீஸால் டிக் அடித்துவிட்டுப் போனார். அத்தானுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நம் வீட்டுக்கு எடுக்கும் தண்ணீரை வழக்கம்போல் இன்ஸ்பெக்டர் துரையும் ஒருமுறை பார்க்கிறார். ஆக, காவல் நான்கு.

மே மாதம் எந்தத் தேதி?

ஆசீர்வாதம்

*

தூத்துக்குடி,
29-3-1954

அன்புள்ள ஆசீருக்கு,

இங்கே யாவரும் சுகம். எனக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லையாம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது.

உன் இரண்டு கடிதங்களையும் அத்தான் இரண்டு முறை வாசித்தார். நீலம் வந்த இடத்தில் சிரித்துவிட்டு, “உன் தம்பி கெட்டிக்காரன்தான்” என்றார். அத்தையும் தடை சொல்லவில்லை. மே 18-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மறுநாள் காலை எழும்பூர். இப்போதே பெட்டியில் பாதி அடுக்கிவிட்டேன். இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் நான் சிரித்தால் என்னோடு சேர்ந்து யாரும் சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம். அந்தக் கரி மூட்டையை நான் என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாங்கிப் போட்டேன். நமக்கு இரண்டு மாதத்துக்குக் காணாது. தினமும் சமையல், அதற்கு மேல் இருபது நிமிஷம் தண்ணீர். பத்து மாதம் கழித்து அது எப்படி ‘அப்படியே’ இருந்தது?

பதில் எழுது.

அக்காள்

*

திருவொற்றியூர்,
6-4-1954 (தபால் கார்டு)

அக்காளுக்கு. இங்கே சுகம். 19-ஆம் தேதி காலை எழும்பூரில் நானும் அப்பாவும் நிற்போம். அப்பா புது வேட்டி எடுத்துவிட்டார். அம்மாவின் கட்டிலை வெயிலில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூட்டைப்பூச்சி ராஜ்யத்தைக் கவிழ்த்தாயிற்று. வெந்நீருக்குப் பவுனம்மாள் உதவினாள். குடம் இப்போது இருபத்திரண்டு. கார்டில் இடமில்லாததால் மற்ற விஷயங்களுக்குப் பதில் எழுத முடியவில்லை. உன் கால் வீக்கத்துக்கு எழுதவும். – ஆசீர்.

*

தூத்துக்குடி,
24-4-1954

தம்பிக்கு,

சுகத்துக்கு எழுது. கார்டில் பாதி இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்பாவும் எழுதவில்லை. பரீட்சைகூட முடிந்திருக்குமே. என்மேல் கோபமா? கரியைப் பற்றிக் கேட்டதற்கா? நான் இனிமேல் கேட்கவில்லை. ஒரு வரி போடு.

அக்காள்

*

2-5-1954

அன்புள்ள அக்காளுக்கு,

சுகம். மிக்க சுகம். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நான் சில நாட்களாக வெளியூர்ப் பிரயாணத்தில் இருக்கிறேன். பெரிய மாளிகை. வெள்ளை உடையில் பணியாட்கள் கூப்பிடாமலே வருகிறார்கள். படுத்த இடத்துக்கே கஞ்சி. கோதண்டமும் என்னோடு வந்திருக்கிறான், அடுத்த கட்டிலில். பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. அப்பா அடிக்கடி வந்து பார்த்துப் போகிறார். உன் கடிதங்களை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் இளைத்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது.

தேதி மாற வேண்டாம்.

ஆசீர்

*

தூத்துக்குடி,
7-5-1954

ஆசீர்,

உன் கடிதத்தைப் பிரித்ததும் பினாயில் வாசனை வந்தது. மேலே ஊர்ப் பெயர் இல்லை. உன் கையெழுத்தில் வால்களும் சுழிகளும் இல்லை. கடிதத்தை அத்தானிடம் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறேன். புறப்பட இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

உண்மையை எழுது. எதுவானாலும் எழுது.

கிருபை

*

திருவொற்றியூர்,
13-5-1954

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி எழுதுவது. கர்த்தருடைய தயவால் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். இந்த முறை அந்த வாக்கியத்தை வழக்கத்துக்காக எழுதவில்லை.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. அதன் காரணம் கடைசியில் வரும்.

ஏப்ரல் இருபதாம் தேதி காலையில் எனக்கு வாந்திபேதி கண்டது. அப்பா கடையில் இருந்தார். கொல்லைக் கதவு திறந்திருந்ததால் பவுனம்மாள் பார்த்துவிட்டாள். மீன் கொண்டுபோகும் கைவண்டியில் என்னைப் போட்டுத் தானே தள்ளிக்கொண்டு தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாளாம். வழியெல்லாம், “வயி வுடு! வயி வுடு! வாத்தியார் வூட்டுப் புள்ளையாட்டம் பேசிக்கினு இருந்த புள்ளைடா இது!” என்று அழுதது மட்டும் காதில் இருக்கிறது. மறுநாள் கோதண்டமும் வந்து சேர்ந்தான். இரண்டு நாள் அவனுக்குக் கண் உள்ளே போய்விட்டது. கண் வெளியே வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னான்: “இன்னா வாட்டர் ஆபீசரே! நாத்தம் இல்லேன்னு உன் தண்ணியைக் குடிச்சேன். இப்போ என்னாண்டதான் நாத்தம்.” நான் சிரித்தேன். பிறகு போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டேன். தெருவில் வேறு மூன்று பேருக்கும் கண்டு, பிழைத்துக்கொண்டார்கள். எல்லாரும் நம் பானையில் மொண்டவர்கள். பவுனம்மாளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவள் தண்ணீரே குடிப்பதில்லை. நாள் முழுவதும் டீதான்.

உசேன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார்.

“கரி இன்னா நாத்தத்தை மட்டும் தனியாப் பொறுக்கித் தின்னுமா தோஸ்து?” என்றார். “அந்த நாத்தம்தான் மருந்தே. ரெண்டையும் சேர்த்து முயுங்கிட்டுது. உன் சி.ஐ.டி. ஹெட் கான்ஸ்டபிளையே ஜெயில்ல போட்டுட்டான். அப்பாலே கீயே இருந்தது வெறுந்தண்ணி. மூடியும் இல்லே, அரைகுறையா ஒரு சிலேட்டு. நாலு தெருக் கை உள்ளே போச்சு. எவன் கையிலே இன்னா இருந்துதோ.”

“முதலில் மணலும் கரியும் வைத்து, பிறகு மருந்து போட்டிருந்தால்?” என்று கேட்டேன்.

“அதான் முறை. வடிகட்டுறது மொதல்ல. மருந்து அப்பாலே. மருந்துக்கு அப்பாலே ஒண்ணும் வெக்கக்கூடாது, அடுப்பைத் தவிர.” பிறகு எழுந்துகொண்டார். “ஆனா அன்னிக்கு என் கிண்ணத்திலே நீலம் வந்துச்சே. அதுதான் எனக்குப் புரியலே. பத்து நாளா அதையேதான் நெனைச்சுக்கினு கீறேன்.”

அக்கா, அந்த நீலத்தை நான் போட்டேன். துணிக்குப் போடும் நீலம். அவர் பெட்டியைத் திறக்கும்போது கிண்ணத்தின் அடியில் விரலால் தடவிவிட்டேன். அவருக்கு அன்று இன்னும் ஏழு கிணறு பாக்கி, பொழுது சாய்ந்துவிட்டது, உற்றுப் பார்க்கவில்லை. ஒரு நாள் விளையாட்டு, மறுநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடியும்போதே பதினேழு குடம் வந்து நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்து பேசினார்கள். சொன்னால் போய்விடுவார்கள். சொல்லவில்லை.

உசேனிடம் அப்போதே சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. “என் சாக்பீஸை நம்பித்தானே ஜனங்க குடிச்சாங்கோ” என்றார். ஆரஞ்சை உரித்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் தேதி வீட்டுக்கு வந்தேன். அப்பா இத்தனை நாளும் கடையைத் திறக்கவில்லையாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். ‘அடிக்கடி வந்து பார்க்கிறார்’ என்று எழுதினேன் அல்லவா, அதுதான் அது. உனக்கு எழுத வேண்டாம் என்று அவரைத் தடுத்தது நான். நீ வராமல் போய்விடுவாயோ என்று.

வந்த அன்றே வீடு வீடாகப் போய் நீலத்தின் கதையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. கோதண்டத்தின் மனைவி மட்டும் கதவைச் சாத்திவிட்டாள். மூன்று பானையையும் உசேன் வந்து கவிழ்த்தார். வடிகட்டிய தண்ணீருக்குத்தான் இனி மருந்து. பலகை மூடி வாங்கியாயிற்று, நீளக் காம்பு அகப்பையும். புதன்கிழமை சோதித்தார். கிண்ணத்தை முதலில் என் கண்முன்னே மூன்று முறை கழுவினார். நீலம் வந்தது. முன்பு நான் காட்டிய நீலம்போல் இல்லை. லேசான, கொஞ்சம் வெட்கப்படுகிற நீலம். அதுதான் உண்மையானதாம். வாசனை அடிக்கிறது. குடங்கள் வருவதில்லை. கிணற்றடியிலேயே பிடித்துக்கொண்டு போகிறார்கள். கொல்லைக் கதவை இன்னும் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

இப்போது கரி மூட்டை.

அது அப்படியே இருந்தது; ஏனென்றால், நீ போன நாளிலிருந்து அந்த அடுப்பை நாங்கள் மூட்டவில்லை. ஒருநாளும் இல்லை. காலையில் நாயர் கடை இட்லி. மத்தியானமும் இரவும் ஓட்டலிலிருந்து எடுப்புச் சாப்பாடு. அப்பா கடையிலேயே சாப்பிட்டுவிடுவார், நான் வீட்டில். முதல் வாரம் மூட்டலாம் என்று உட்கார்ந்தேன். ஊதுகுழலில் உன் கைப்பட்ட இடம் வழவழவென்று இருந்தது. வைத்துவிட்டேன். தீப்பெட்டி ஆலைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு குச்சியைக் கிழிக்கவில்லை, பார். ஆகவே இன்ஸ்பெக்டர் துரை நம் வீட்டுக்கு வந்ததே கிடையாது. நான்கு காவல் என்று எழுதியவனிடம் சேவகர் ஒருவர்தான் டியூட்டியில் இருந்தார்.

இந்தக் கடிதத்தை அத்தானிடம் காட்டு. முழுவதும் காட்டு. வரலாமா வேண்டாமா என்பதை நீங்கள் இருவரும் தீர்மானியுங்கள். வா என்று நான் எழுதப்போவதில்லை. எழுத ஆசைதான். இதோ, எழுதவில்லை.

இன்று காலை அடுப்பை மூட்டினேன். கரியெல்லாம் பானைக்குள் போய் நனைந்துவிட்டதால் முருங்கைச் சுள்ளி வைத்தேன். எரியாமல் புகைந்தது. வீடெல்லாம் புகை, கூரை ஓட்டு வழியாகப் புகை. சாலையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். அப்பா கடையை அப்படியே போட்டுவிட்டு, செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார். தீப்பற்றிக்கொண்டது என்று நினைத்துத்தான் ஓடிவருகிறார் என்று நினைத்தேன். வாசலில் மூச்சு வாங்க நின்று, “ஏலே, கிருபை வந்துட்டாளா?” என்றார்.

அவருடைய நான்கு வார்த்தைகளில் இவை எதுவும் இல்லை.

“இல்லப்பா, நான்தான்” என்றேன். அவர் உள்ளே வந்தார். பிறகு அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஊதுகுழலை எடுத்து ஊத ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவருக்கும் கண்ணில் தண்ணீர். நல்லவேளை, புகை இருந்தது.

உன் கால் வீக்கம் எப்படியிருக்கிறது? அத்தான், அத்தை சுகத்துக்கும் எழுதவும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதம்

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம். தினமும் இருபது நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைப்பதாக உனக்கு எழுதிய தண்ணீர் இலாகா அதிகாரிக்கு, தண்ணீர் கொதித்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். கொதித்திருந்தது. இடது கையால் எழுதுகிறேன்.